சுண்ணாம்பு தடவிய கலயம்

பனையைக் கற்பகத்தரு என்று சொல்வது நம்மிடையே ஒரு பழக்கம். மேடைப்பேச்சு, பள்ளிப் பாடம், அரசு விளம்பரம், இப்போது இயற்கை அங்காடிக்காரர்களின் துண்டறிக்கை என்று எங்கும் இந்த ஒரு சொல் புழங்கிக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்து அருணாசலம் என்ற புலவரின் 'தால விலாசம்' பனைக்கு 801 பயன்களை எண்ணிச் சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்துத் தாவர நூல்கள் இந்த எண்ணை வியந்து எடுத்தாண்டன. பிறகு நாமும் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம். 801 என்ற எண்ணை அறிந்த அளவுக்கு, அந்தப் பயன்களில் முதலாவதான பதநீர் எப்படி மரத்திலிருந்து தரைக்கு வருகிறது என்பதை அறிந்தவர்கள் நம் எழுத்தாளர்களிடையே குறைவு.

கற்பகத்தரு என்பது என்ன? நினைத்ததைத் தரும் தேவலோகத்து மரம். அதன் நிழலில் நின்று நினைத்தால் போதும். ஏற வேண்டாம், சீவ வேண்டாம், காய்ச்ச வேண்டாம். உழைப்பு இல்லாத செல்வத்துக்கு மனிதன் கண்ட கனவு அது. பனையோ நினைத்தவனுக்கு எதையும் கொடுத்ததில்லை. வெட்டினால்தான் சுரக்கும், ஏறினால்தான் வெட்ட முடியும். தன் பயனுக்கும் தரைக்கும் இடையில் ஐம்பது அறுபது அடி தூரத்தை வைத்திருக்கும் மரம் அது. அந்தத் தூரத்தைக் கடந்த மனிதன்தான் இந்த உவமையில் காணாமல் போகிறான். ஓர் உவமை பொய்யாக இருப்பதில் தவறில்லை. அது யாரை மறைக்கிறது என்பதே கேள்வி. இக்கட்டுரை அந்த மறைவின் சரித்திரத்தைப் பற்றியது.

1

முதலில் வேலையைச் சொல்லிவிடுவோம். பனையில் ஆண், பெண் தனித்தனி மரம். இரண்டிலும் பாளை வரும். இரண்டிலும் பதநீர் இறக்கலாம். பருவம் தொடங்கியதும் ஏறுபவன் காய்ந்த மட்டைகளையும் பன்னாடையையும் கழித்து மரத்தின் தலையைச் சுத்தம் செய்கிறான். பிறகு பாளைகளைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்ற மர இடுக்கியால் நாள்தோறும் மெல்ல நசுக்குகிறான். அழுத்தம் மிகுந்தால் பாளை செத்துப்போகும், குறைந்தால் சுரக்காது. இந்த அளவு எந்தக் கருவியிலும் இல்லை, அவன் கையில் இருக்கிறது. சில நாள் கழித்துப் பாளையின் நுனியைப் பாளையரிவாளால் மெல்லிய வில்லையாகச் சீவி, கலயத்தைக் கட்டுகிறான். அதன்பின் பருவம் முடியும்வரை, மாசியிலிருந்து ஆடி வரை ஏறக்குறைய, விடுமுறை கிடையாது. சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். வீட்டில் சாவு விழுந்தாலும் யாராவது ஒருவர் ஏறித்தான் ஆகவேண்டும்.

தளைநார் காலில், முருக்குத்தடி மரத்தின் அடியில் சாய்ந்து, அரிவாள் பெட்டி இடுப்பில், மரம் நெஞ்சில். நெஞ்சும் முன்கையும் பாதமும் காய்த்துப்போன மனிதர்களைத் தேரிப் பக்கம் இன்றும் பார்க்கலாம். ஓர் ஆள் 30 முதல் 40 மரம் வரை ஏறுவான்; நாளைக்கு இரண்டு முறை, சுரப்பு மிகுந்த நாட்களில் மூன்று முறை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மரம், சராசரி 50 அடி, மூன்று முறை: 6000 அடி. நான் இருக்கும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் பொதிகை. அதன் உச்சியான அகத்தியர் மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6100 அடி. தமிழ் பிறந்ததாக நாம் சொல்லிக்கொள்ளும் மலையின் உயரத்தை, உடன்குடிப் பக்கத்தில் ஒரு மனிதன் ஒரே நாளில் ஏறி இறங்கியிருக்கிறான். மறுநாளும் ஏறியிருக்கிறான். அவனைப் பற்றி அந்தத் தமிழில் எழுதப்பட்டது மிகக் கொஞ்சம்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். பாளையிலிருந்து சொட்டும் சாறு வெயில் ஏறுவதற்குள் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடக்கூடியது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நொதிமங்கள் சர்க்கரையைச் சாராயமாக்கிவிடுகின்றன. சுண்ணாம்பின் காரம் அவற்றை அடக்குகிறது. ஆக, கள்ளும் பதநீரும் ஒரே மரத்தின், ஒரே பாளையின், ஒரே சொட்டு. இடையிலே நிற்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. இந்தப் பூச்சின்மேல் சட்டங்களும் சிறைகளும் கட்டப்பட்ட கதைக்குப் பிறகு வருகிறேன்.

இறங்கிய பதநீர் (எங்கள் பக்கத்துப் பேச்சில் பயினி) விடிலிக்குப் போகிறது. விடிலி என்பது பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் வேய்ந்த காய்ச்சும் குடிசை. இதுவரை ஆணின் வேலை. இனிமேல் பெண்ணின் வேலை. வடிகட்டிய பதநீரைப் பெரிய தாச்சியில் ஊற்றி, ஓலை, மட்டை, உடைமுள் என்று கிடைத்ததை எரித்து, மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். அதன் எண்ணெய் நுரையை அமர்த்திவிடும். முதலில் நீர் வற்றும். பிறகு நிறம் மாறும். பிறகு குமிழியின் ஓசையே மாறும். இடையில் எடுத்தால் கூப்பனி என்ற பாகு. இன்னும் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு அது உருண்டு திரண்டால் பதம். இறக்கிக் கிளறிச் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. கூப்பனியைப் பானையில் நூல் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தால் நூலிலும் பானையின் பக்கங்களிலும் படிந்து வளர்வது பனங்கற்கண்டு. எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும். கோடை வெயிலில், ஓலைக் கூரைக்குக் கீழே, அந்த அடுப்பின் முன்னால் அமர்ந்திருந்தவளைப் பற்றி ஏறுபவனைப் பற்றிய அளவுக்குக்கூட யாரும் எழுதவில்லை.

2

ஆங்கில இலக்கியம் படித்த என்னைப் போன்றவர்களுக்கு மரச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பது என்றதும் நினைவுக்கு வருவது விடிலி அல்ல, வட அமெரிக்காவின் மேப்பிள் தோப்பு. ராபர்ட் ஃப்ராஸ்ட் மேப்பிள் தோப்பில் ஒரு மாலைநேரத்தைப் பற்றி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அதைக் கல்லூரியில் வாசித்துப் பனியும் புகையும் நிறைந்த ஒரு காட்சியை மனத்தில் கட்டிக்கொண்டேன். ஐம்பது மைல் கிழக்கே அதே வேலை நடந்துகொண்டிருந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. இது என் ஒருவனின் பார்வைக்குறை மட்டும்தானா என்று தெரியவில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு.

மேப்பிளில் சாறு வருவது குளிர்காலத்தின் முடிவில். இரவு உறைபனி, பகல் இளவெயில் என்று மாறிமாறி வரும் சில வாரங்களில் மரத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. கோடையில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து சர்க்கரையாகி நீரோடு கலந்திருக்கிறது. இடுப்புயரத்தில் ஒரு துளை போட்டு, குழாய் செருகி, வாளியைத் தொங்கவிட்டால் சாறு தானாகச் சொட்டும். ஆனால் அதில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஏறக்குறைய நாற்பது பங்கு சாற்றைக் காய்ச்சினால் ஒரு பங்கு பாகு. பதநீரில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துக்கும் மேல். பனை கொடுப்பது தண்ணீரோடு கலந்த பழைய சேமிப்பல்ல. பூவுக்கும் காய்க்கும் என்று தலைக்கு ஏறிக்கொண்டிருக்கும் உணவை நாம் நடுவில் மறித்து வாங்குகிறோம். பாளையைச் சீவிய இடத்தில் நுங்கு இல்லை, பனம்பழம் இல்லை.

ஆக, மேப்பிள்காரனின் பாடு அடுப்படியில். பனைக்காரனின் பாடு மரத்தில். அடுப்படிப் பாட்டை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடிந்தது. அங்கே 1950களின் இறுதியிலிருந்து வாளிகளின் இடத்துக்குப் பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. மரத்துக்கு மரம் குழாய் ஓடி, சாறு சரிவிலே தானாகக் கொட்டிலுக்கு வந்து சேர்கிறது. பின்னர் சாற்றிலுள்ள நீரைச் சவ்வு வழியாகப் பிரித்து, காய்ச்சும் நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். உலகத்து மேப்பிள் பாகில் பெரும்பங்கை உற்பத்தி செய்யும் கியூபெக் மாகாணத்தின் உற்பத்தியாளர்கள் கூட்டாகச் சேர்ந்து விலை பேசுகிறார்கள். மிகுந்த ஆண்டின் பாகைப் பீப்பாயில் சேமித்து, குறைந்த ஆண்டில் விற்கிறார்கள். நம் பக்கத்தில் பனையேற இயந்திரம் கண்டுபிடிக்கும் முயற்சிகள் பல நடந்தன. கம்பிச்சட்டம் போன்ற ஏறுகருவிகள் வந்தன. ஆனால் பாளையைச் சீவ மேலே ஒரு மனிதன் போயாகவேண்டும் என்பது மாறவில்லை.

இன்னொரு ஒற்றுமை, இதைவிட முக்கியமானது. மேப்பிள் சர்க்கரையை முதலில் செய்தவர்கள் வட அமெரிக்கப் பூர்வகுடிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைமுறையை எதிர்த்த சிலர், அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக இதைப் பரப்ப முயன்றார்கள். பென்ஜமின் ரஷ் 1791இல் இதுபற்றி ஜெபர்ஸனுக்கு எழுதினார். ஜெபர்ஸனும் தன் பண்ணையில் மேப்பிள் கன்றுகளை நட்டுப் பார்த்தார், அவை செழிக்கவில்லை. நட்ட பண்ணையில் வேலை செய்தவர்கள் அடிமைகள் என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்கு அரசியல் இல்லாத காலம் ஒன்று இருந்ததில்லை. மரத்தைப் புனிதமாக்கிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வேறொருவர் உழைப்பின் நிழலில் நின்றுதான் பேசியிருக்கிறார்கள்.

3

நம் சரித்திரத்துக்கு வருவோம். தாமிரபரணிச் சமவெளி என்றால் நம் மனத்தில் எழுவது நெல். பாபநாசத்தில் சமவெளிக்கு வரும் ஆறு, அணை அணையாக நிறுத்தப்பட்டு, கால்வாய்களில் பிரிந்து, வயலும் கோயிலும் அக்ரகாரமுமாக விரிந்துகொண்டே போய், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டோடு பாசனத்தின் கடைசிப் படியை அடைகிறது. அதற்குத் தெற்கே சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடி வட்டாரத்தில் தேரி: காற்றடித்தால் இடம் பெயரும் செம்மணல். ஆற்று நீர் எட்டாத அந்த மண்ணில் தானாக நின்றது பனை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாடுகள். ஒன்று ஆற்றால் உண்டது. மற்றது பாளையால் உண்டது. நெல்லும் வெற்றிலையும் விளைந்த நாட்டில் இலக்கியமும் விளைந்தது. அந்த இலக்கியத்தை எழுதி வைக்க ஓலை மட்டும் பனையிலிருந்து வந்தது.

1841இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார் ராபர்ட் கால்டுவெல். 1856இல் அவர் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை அறியாத தமிழ் விமர்சகன் கிடையாது. ஆனால் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1849இல், சென்னையில் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தம்மைச் சுற்றியிருந்த பனையேறும் மக்களைப் பற்றியது அது. அந்நூலின் தலைப்பில் உள்ள சாதிப் பெயரை அந்தச் சமூகமே பின்னர் மறுத்துப் போராடி, 1921இல் அரசு 'நாடார்' என்ற பெயரை ஏற்றது. அந்தச் சிறுநூலில் அவர் பனைத் தொழிலை உன்னிப்பாகக் கவனித்து எழுதினார். அதே மூச்சில் தொழில் செய்பவர்களின் அறிவைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் இழிவாக எழுதினார். வேலையைப் பார்த்த கண்ணுக்கு வேலைக்குள் இருந்த அறிவு தெரியவில்லை. கடிப்பின் அழுத்தத்தை நிதானிக்கும் கை, குமிழியின் ஓசையில் பதம் பார்க்கும் காது, இவையெல்லாம் அறிவு என்று எந்த மிஷனரிக் கல்வியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. படித்த தலைமுறை ஒன்று எழுந்து அந்நூலைக் கண்டபோது கொதித்தது, மனுக்கள் போயின, நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. மிஷனரிகளோடு முரண்பட்டு 1857இல் இந்துக் கிறிஸ்தவ சபையைத் தனியே கண்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளையும் இந்த எதிர்ப்பின் முன்வரிசையில் இருந்தவர். நம் மொழிநூலின் தந்தைக்கு 1856 மட்டும் இருக்கிறது என்று பாடம் நடத்துவதும் கற்பகத்தரு என்று சொல்வதும் ஒரே மனப்போக்கின் இரண்டு செயல்கள்.

அந்தச் சமூகத்தின் எழுச்சி கருப்பட்டியோடு பிணைந்தது. ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. மாட்டுவண்டியில் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றி வடக்கே போனவர்கள், வழியில் தங்கிய பேட்டைகளைச் சுற்றி ஊரும் கடையுமாக நிலைத்தார்கள்; சரக்கின்மேல் தாமே விதித்துக்கொண்ட மகமையிலிருந்து கோயிலும் பள்ளியும் எழுப்பினார்கள். ஏறியவனின் உழைப்பு விற்றவனின் மூலதனமாகி, பின்னர் படித்தவனின் பட்டமாகியது. ஆனால் மூன்றும் ஒரே ஆளுக்கு நிகழவில்லை. வண்டியேறியவர்கள் போனார்கள், மரமேறியவர்கள் அங்கேயே இருந்தார்கள். மரம் வேறொருவருடையது. ஒருநாள் பதநீர் மரக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறுபவனுக்கு என்ற பங்குமுறை பல இடங்களில் இருந்தது. பருவம் இல்லாத மாதங்களில் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பருவம் வந்ததும் அவர் சொன்ன விலைக்குக் கருப்பட்டியாகக் கழிந்தது.

இந்த மரத்தை ஆலைக்குள் கொண்டுவரவும் ஒரு முயற்சி நடந்தது. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியார் பனஞ்சாற்றிலிருந்து வெள்ளைச் சீனி எடுக்கும் ஆலை ஒன்றை நிறுவினார்கள். அதையொட்டி, முதல் உலகப் போர்க் காலத்தில், திசையன்விளையிலிருந்து உடன்குடி, குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை சிறு ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. 1940இல் அந்த ரயில் நின்றது, ஆலையும் நிலைக்கவில்லை. என் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் சக்தியை நம்பி இங்கே பஞ்சாலை வைத்தார்கள். அதைச் சுற்றி ஒரு நகரம் எழுந்தது. பெயர்கள் மாறி, கைகள் மாறி, நூற்றாண்டைத் தாண்டியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலவாக இருக்கலாம். எனக்குப் படுவது ஒன்று. ஆலைக்கு வேண்டியது ஓரிடத்தில் குவியும் சக்தி. பாபநாசத்தில் தண்ணீர் இரவும் பகலும் தானாக விழுந்தது. உடன்குடியில் பதநீர் தானாக இறங்கவில்லை. ஆயிரக்கணக்கான மரங்களிலிருந்து, ஆளுக்குச் சில குடம் என்று, புளிப்பதற்குள் இறக்கப்பட வேண்டியிருந்தது. கம்பெனியால் தண்டவாளம் போட முடிந்தது தரையில்தான்.

4

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன். 1886இன் அப்காரிச் சட்டத்துக்குப் பின் கள்ளிறக்கும் மரம் அரசுக்கு வருமானம். அதற்கு மரவரி உண்டு. சுண்ணாம்பிட்ட கலயத்துக்கு அது இல்லை. அதாவது கலயத்தின் உட்புறத்தை எட்டிப் பார்க்கும் உரிமை அரசுக்கு வந்தது. தேசிய இயக்கம் கள்ளை எதிர்த்தது; 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் கள்ளுக்கு மாற்றாகப் பனைவெல்லத்தை முன்வைத்தது. 1937இல் ராஜாஜி மந்திரிசபை சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. நல்ல நோக்கம், ஐயமில்லை. ஆனால் ஏறுபவனின் பக்கத்திலிருந்து பாருங்கள். நேற்றுவரை வரி சம்பந்தப்பட்ட ஒரு பூச்சு இன்று குற்றம் சம்பந்தப்பட்டதாகிவிட்டது. மழை கலந்தாலோ, பூச்சு மெலிந்தாலோ, வெயிலில் இறக்கத் தாமதமானாலோ சாறு நுரைக்கும். நுரை தன்னால் வந்ததா, மனிதன் வரவழைத்ததா என்று தீர்மானிக்கும் அதிகாரம் மரத்தடியில் நிற்கும் காவலருக்கு.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974க்குள் திரும்ப வந்தது. 1981இல் மீண்டும் தளர்ந்தது; 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடையாயின. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. இதற்கிடையில், 2003 முதல், சீமைச் சாராயத்தின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. கள் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆலையில் வடித்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் அரசின் வருவாய், பாளையில் ஊறி மண்கலயத்தில் நுரைத்தால் குற்றம் என்பதற்கு நம்மிடம் என்ன தர்க்கம் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். ஏறுபவன் மட்டும் எல்லா ஆட்சியிலும் சந்தேகத்துக்குரியவனாகவே இருந்தான்.

5

இலக்கியத்தில் இவன் எங்கே? ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளைக் கிராமம். மரத்துக்குச் சொந்தமான வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். இருவருக்கும் நடுவே நிற்பது சாதியல்ல, ஏணி. ஒரே சாதிக்குள், ஒரே சபைக்குள், மரத்தை வைத்திருப்பவனுக்கும் ஏறுபவனுக்கும் இடையிலுள்ள ஏணி. சமூகத்தைப் பற்றி முழக்கமிடாமல் இதை அவர் எழுதினார். பனையேறியைக் குறியீடாக்காமல் ஒரு வீட்டுக்குப் பிள்ளையாக எழுதியதே அந்நாவலின் சாதனை என்று எண்ணுகிறேன். நம் புதுக்கவிதையில் பனை நிறைய வந்துவிட்டது: தனிமையாக, மொட்டையாக, வானத்தைக் குத்தும் கோடாக. அவற்றில் எத்தனை பனையில் கலயம் தொங்குகிறது? படிமம் என்ற பெயரில் நாம் மரத்தின் தலையைக் கழித்துச் சுத்தம் செய்துவிட்டோம், ஆனால் ஏறவில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் தேரிப் பக்கத்து வங்கிக் கிளை ஒன்றில் வேலை பார்த்தேன். நகையை அடகு வைக்க வந்த முதியவர் ஒருவருக்குப் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது அவர் கையைப் பார்த்தேன், கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் எழுதத் தொடங்குவதற்குள் அவர் குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "பனையேறின்னு போட்டுராதீய சார். மவன் இஞ்சினீயருக்குப் படிக்கான். கூலின்னே எழுதுங்க."

கூலி என்றே எழுதினேன். அந்த நகைக் கடன் மகனின் கல்லூரிப் பணத்துக்கு. அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாளையிலிருந்து வந்திருக்கும். அந்த எழுத்து அவருக்கு நான் செய்த மரியாதையா, அவர் தொழிலுக்கு நான் செய்த துரோகமா என்று இன்றுவரை தெளிவாகவில்லை. பொய்யை எழுதச் சொன்னவர் அவர்; ஆனால் அதற்கான காரணத்தை நூற்றைம்பது ஆண்டுகளாகத் தயாரித்து வைத்திருந்தவர்கள் நாம்: கால்டுவெல்லின் சிறுநூலிலிருந்து, பனையேறி என்ற சொல்லைத் தெருச்சண்டையில் வசவாகப் பயன்படுத்தும் வாய்கள் வரை.

1978இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. 2021இல் கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. பிறகு இந்த 2020களிலேயே உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நகரத்துக் கடைகளில் கருப்பட்டிக் காப்பி நாகரிகமாகிவிட்டது. சீனி கலந்த கருப்பட்டியும் அதே வேகத்தில் பெருகியிருக்கிறது. எல்லாம் மரத்துக்கும் சரக்குக்கும் கிடைத்த கௌரவம். தேரியில் இன்று பாளை வந்து, யாரும் சீவாமல், தானாகக் காய்ந்து உதிரும் மரங்களே கூடுதல். ஏறுபவர்களின் பிள்ளைகள் ஏறவில்லை. அவர்கள் ஏறாததற்காக வருந்தி ஒரு வரி எழுதவும் நமக்கு உரிமையில்லை. கீழே நின்று மரத்தைப் பாடியவர்கள் நாம்.

கற்பகத்தரு என்ற சொல்லை ஒரு பத்தாண்டுக்காவது நாம் ஒதுக்கிவைக்கலாம். அதன் இடத்தில் கடிப்பு, தளைநார், விடிலி, கூப்பனி என்ற சொற்களை எழுதிப் பார்க்கலாம். அகராதியில் தேடிப் பொறுக்கிய அலங்காரமாக அல்ல. இவற்றைக் கையாண்ட சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் கேட்டு. அந்த முதியவரிடம் நான் கேட்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் வரிசை நீண்டிருந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.